மரக்கறித் தாச்சி

தாச்சியைக் காணவில்லை.

மீன் பொரிக்கிற தாச்சி இருந்தது. இறால் வதக்குகிற தாச்சி இருந்தது. அடி கறுத்து, யாரும் உரிமை கோராத இன்னொன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அடுப்பில் ஏறுகிற, மீன், இறைச்சி, முட்டை என்று எந்த மச்சமும் படாத மரக்கறித் தாச்சியை மட்டும் காணவில்லை. கோணாமலை குசினி அலுமாரிகளை எல்லாம் திறந்து பார்த்தார். மூடினார். நம்பிக்கை வராமல் மறுபடி திறந்தார். கடைசியில் நிலத்தில் குந்திவிட்டார். அவரைச் சுற்றிச் சட்டி பானைகள் கடை விரித்திருந்தன.

"ரத்தி, அந்த மரக்கறித் தாச்சியை எங்கயப்பா வைச்சனி?"

முன்அறையில், வலது கையில் மாவுக்கட்டோடு சாய்மனைக் கதிரையில் கிடந்த இரத்தினேஸ்வரி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"கிடக்கும் எங்கயாவது. தேடாதேங்கோ."

"தேடாமல் எப்பிடியப்பா வரும்?"

"அது வாற நேரம் வரும். நீங்கள் ஒருக்கா வெளியில போய் ஒரு அரை மணித்தியாலம் காத்து வாங்கிக்கொண்டு வாங்கோவன். முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கும்."

கோணாமலைக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. கை முறிந்து கிடக்கிறவள், புருசனுடைய வேர்வையை நினைக்கிறாளே!

"உன்னை இந்தக் கையோட விட்டிட்டு நான் ஒரு இடமும் போகமாட்டன்," என்றார் உறுதியாக.

முன்அறையில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. அதையும் அவர் அன்பின் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார்.

கோணாமலை திருகோணமலைத் துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். கப்பல் கயிறு எங்கே, கப்பி எங்கே, எந்தச் சங்கிலி எந்த மூலையில் சுருண்டு கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். சொந்த வீட்டுக் குசினியில் உப்புப் போத்தல் எங்கே என்று மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள இரத்தினேஸ்வரி விட்டதும் இல்லை. எப்போதோ ஒரு காலத்தில் அந்த மரக்கறித் தாச்சியின் ஒரு காது ஆடத் தொடங்கியபோது, களஞ்சியத்துச் செப்புக் கம்பியால் சுற்றி, கப்பல் கட்டுகிற முடிச்சொன்றைப் போட்டு இறுக்கிக் கொடுத்தார். குசினிக்கு அவர் செய்த ஒரே தொண்டு அதுதான்.

ஆனால் அந்தக் குசினியிலிருந்து வருவதைப் பற்றி அவரைப் போல் பெருமைப்பட்ட மனிதர் துறைமுகத்திலேயே கிடையாது. முக்கியமாக, வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் வருகிற மரக்கறி ஃபிரைட் ரைசும் நூடில்சும். அவர் வேலையிலிருந்து சாப்பிட வரும்போது இரண்டு கோப்பைகள் மேசையில் ஆவி பறக்க மூடியிருக்கும். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் மணிமணியாக உதிரும். கோவாவும் கரட்டும் லீக்சும் பல்லில் நறுக்கென்று கடிபடும். நூடில்ஸ் சிக்கில்லாமல் நூல் நூலாக வரும். முதன்முதலில் அதைச் சாப்பிட்ட நாளில் கோணாமலை கதிரையை விட்டு எழும்பியே விட்டார்.

"சீனாவில இருந்து ஆக்கள் வந்து உன்னட்டைப் படிக்கவேணும் ரத்தி!" என்றார். கண் கலங்கியிருந்தது.

இரத்தினேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவர் விட்டால்தானே? சாப்பிட்டு முடியும் வரைக்கும் புகழ்ந்துகொண்டே இருந்தார். மறுநாள் துறைமுகத்திலும் புகழ்ந்தார்.

அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர் பாரந்தூக்கி ஓட்டுகிற அபூதாஹிர். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"என்ட தங்கச்சிட மகள் ஷிஃபானாவும் வீட்டில இருந்து ரைஸ், நூடில்ஸ் செஞ்சு குடுக்கிறா. ஒருக்கா வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்களேன்."

"கோவிக்காதையும் அபூதாஹிர். என்ர மனுசியின்ர சோத்தைத் திண்ட நாக்கு, வேற ஒண்டையும் ஏற்காது. உம்மட மருமகளை வேணுமெண்டால் எங்கட வீட்டை வந்து பழகச் சொல்லும்."

அபூதாஹிர் நல்ல மனிதர். சிரித்துவிட்டுப் பாரந்தூக்கியில் ஏறிவிட்டார்.

இந்தச் சோறும் நூடில்சும் இப்போது மகனுடைய கலியாணம் வரைக்கும் வந்துவிட்டன. யதுர்ஷன் கட்டாரில் வேலை. பெண் சோபனா, ஊர் கந்தளாய். தகப்பன் சின்னராசா வயல்காரர், பச்சைத் தண்ணீர் மாதிரி மனிதர். தாய் கனகம்மா அப்படி அல்ல. முதல் தரம் இந்த வீட்டுக்கு வந்தபோது கதிரையின் நுனியில்தான் இருந்தார். சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். தேத்தண்ணிக்குச் சீனி கூடிவிட்டது என்றார். சம்பந்தம் கிட்டத்தட்டக் கைவிட்டுப்போன நேரத்தில் மேசைக்கு ஃபிரைட் ரைசும் நூடில்சும் வந்தன. அன்றும் வெள்ளிக்கிழமைதான்.

கனகம்மா ஒரு வாய் வைத்தார். நிமிர்ந்தார். இரண்டாம் முறை தானே போட்டுக்கொண்டார்.

"அண்ணை, நான் கந்தளாய்க் குளத்து நெல்லில வளந்தனான். சோத்தைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை," என்றார். "இப்பிடிக் கைப்பக்குவம் இருக்கிற வீட்டுக்கு என்ர பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவன்."

இன்று அவர்கள் நாள் வைக்க வருகிறார்கள். இந்த வாரத் தொடக்கத்தில் பார்த்து இரத்தினேஸ்வரி கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். விசயம் கேள்விப்பட்டு கனகம்மா போனில் பேசினார்.

"அக்காவுக்குக் கை ஏலாதாம். நீங்கள் ஒண்டும் கஷ்டப்படாதேங்கோ அண்ணை. நாங்கள் இஞ்ச இருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வாறம்."

'சரி தங்கச்சி' என்று இரண்டு சொல்லோடு முடித்திருக்கலாம். கோணாமலைக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன கதை இது தங்கச்சி? அவ கதிரையில இருந்து சொல்லச் சொல்ல நான் செய்வன். கை என்ரது, பக்குவம் அவவின்ரது. அதே சோறு, அதே நூடில்ஸ்! வந்து பாருங்கோ."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், இரத்தினேஸ்வரியின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"என்னப்பா, கை வலிக்குதோ?"

"இல்லை… இடியப்பம் அவிப்பமே? சொதியும் வைச்சு, ஒரு சம்பலும் அரைச்சு… இடியப்பம் எண்டால் நான் வடிவாச் சொல்லித் தருவன்."

"வாக்குக் குடுத்திட்டனப்பா. இனி மாத்தினால், அண்டைக்குத் திண்டது எங்கயோ கடையில வாங்கினது எண்டு நினைச்சிடுவா அந்த மனுசி. பிறகு உன்ர மரியாதை என்ன, பெடியன்ர கலியாணம் என்ன?"

இரத்தினேஸ்வரிக்குப் புரையேறிவிட்டது. கோணாமலை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முதுகைத் தடவிவிட்டார். அவள் இடக்கையால் போனை எடுத்து யாருக்கோ அழுத்தப் போனாள். அதையும் மெல்ல வாங்கி அலுமாரியின் மேல் வைத்துவிட்டார்.

"டொக்டர் ஓய்வெடுக்கச் சொன்னவர். போன் கதைக்கிறதும் ஒரு வேலைதான்."

அன்று லீவு போட்டவர், அதன்பிறகு அவளை விட்டு அசையவே இல்லை.

இதோ இன்று காலையில் தாச்சி இல்லை.

"மீன் தாச்சியைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சு, தேசிக்காயும் பூசி எடுப்பமே?" என்று குசினியிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஐயோ, வெள்ளிக்கிழமை!" என்று முன்அறை அலறியது. "அந்த மனுசி மோந்தே பிடிச்சிடும்!"

அதுவும் சரிதான். வெள்ளிக்கிழமை மீன் சட்டியில் சமைத்தார்கள் என்று கனகம்மாவுக்குத் தெரிந்தால், நாள் வைக்கிற கதை கந்தளாய்க் குளத்தோடு போய்விடும். கோணாமலை யோசித்தார். பளிச்சென்று ஒரு வழி தோன்றியது.

"பொங்கல் பானை இருக்குதே! அதைவிடச் சைவமான சாமான் இந்த வீட்டில என்ன இருக்கு?"

பொங்கல் பானை சைவம்தான். ஆனால் அதற்கு வயிறு பெரிது, கழுத்து ஒடுக்கம். அதற்குள் அகப்பை போகலாம், திரும்ப முடியாது. இதெல்லாம் பிறகுதான் தெரிய வந்தது.

"சோத்துக்குத் தண்ணி எவ்வளவு விடுறது ரத்தி?"

"அளவா விடுங்கோ."

"அளவா எண்டால்?"

"கூடாமல், குறையாமல்."

கோணாமலைக்கு ஆச்சரியமாக இருந்தது. மீன்குழம்பு கொதிக்கும்போது முற்றத்தில் நின்றபடி மணத்தைப் பிடித்தே 'புளி காணாது' என்று சொல்லுகிறவள் இவள். சொதிக்கு எத்தனை பச்சைமிளகாய் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசைதான் அவளுடைய மூளையை மந்தமாக்கிவிட்டது என்று முடிவுகட்டினார். பாவமாக இருந்தது. தண்ணீர் குறைந்துவிடக்கூடாதே என்ற கவலையில் ஒரு சுண்டு கூடவே விட்டார்.

வெந்து வந்தது கஞ்சியும் இல்லை, சோறும் இல்லை. அகப்பையை நட்டால் அப்படியே நின்றது.

"ரத்தி, கொஞ்சம் குழைஞ்சு போச்சு."

"ஆற விடுங்கோ. ஃபிரைட் ரைசுக்குச் சோறு நல்லா ஆறியிருக்கவேணுமாம்."

"ஆமோ? ஆர் சொன்னது?"

"…ரீவியில சொன்னவங்கள்."

துறைமுகத்துக் காற்று வீட்டுக்கு முன்னால் நன்றாக வீசும். கோணாமலை கழுவிக் காய்ந்த பாயொன்றை முற்றத்தில் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, சோற்றைப் பரப்பினார். நூடில்சையும் அவித்துவிட்டார். அது வடித்த கையோடு பெரிய பந்தாகத் திரண்டுவிட்டது.

"நூடில்ஸ் ஒட்டிப் போச்சப்பா!"

"பிரிச்சுப் போடுங்கோ. காத்துப் படட்டும்."

கயிறும் கொடியும் என்றால் அது அவருடைய துறை. உடுப்புக் கொடியில் கிடந்த சாரத்தைத் தள்ளிவிட்டு, நூடில்சை ஒவ்வொரு இழையாகப் பிரித்துக் கொடியில் தொங்கவிட்டார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூடில்ஸ் காற்றில் ஆடியது. பின்னால் துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. பார்க்க அவருக்கே திருப்தியாக இருந்தது. இனி மரக்கறி வெட்டுவோம் என்று உள்ளே போனார்.

கேற்றைப் பூட்ட மறந்துவிட்டார்.

திருகோணமலையில் கேற்றைத் திறந்து விட்டால் கள்ளன் வரமாட்டான். மான் வரும். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் பஸ் ஸ்ராண்டிலும் கடைத்தெருவிலும் ஆடு மாடு மாதிரித் திரிகிற ஊர் இது. கோணாமலை லீக்சை வெட்டி முடித்து வெளியே எட்டிப் பார்த்தபோது ஒரு குடும்பமே வந்திருந்தது. இரண்டு மான்கள் பாயில் முழங்காலிட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தன. குட்டியொன்று துணியை இழுத்தது. கொம்பன் மான் கொடியடியில் நின்று, தலையை உயர்த்தி, நூடில்சை ஆறுதலாக உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"ஏய்! ச்சூ! போ!"

கொம்பன் திரும்பிப் பார்த்தது. அதன் கொம்பில் ஒரு பிடி நூடில்ஸ் தோரணம் மாதிரித் தொங்கியது. அவசரமே இல்லாமல் கேற்றால் வெளியேறி, கொம்பில் அலங்காரத்தோடு உட்துறைமுக வீதிப் பக்கம் நடந்தது.

முன்அறை யன்னலுக்குள்ளே இரத்தினேஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள். கை வலிக்க வலிக்கச் சிரித்தாள். கோணாமலைக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவளைப் பார்த்தார். விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து அவர் காணவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

"விடுங்கோப்பா. வெள்ளிக்கிழமையில வாயில்லாச் சீவனுக்கு அன்னதானம் குடுத்திருக்கிறியள்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இனி இடியப்பம்…"

போன் அடித்தது. சின்னராசா.

"அண்ணை, நாங்கள் தம்பலகாமத்தில நிக்கிறம். தயிர்ச் சட்டி வாங்குவம் எண்டு இறங்கினனாங்கள். இவ காலமை ஒண்டும் சாப்பிடாமல் வாறா. உங்கட வீட்டுச் சோத்துக்காக வயித்தைக் காலியா வைச்சிருக்கிறாவாம்."

கோணாமலை குசினிக்கு ஓடினார்.

இரண்டாம் முறை தண்ணீரைக் குறைத்தார். சோறு சரளைக்கல் மாதிரி வந்தது. பரவாயில்லை, வதக்கும்போது மெத்தென்று ஆகிவிடும் என்று பொங்கல் பானையில் எண்ணெய் விட்டு, வெட்டி வைத்த மரக்கறியையும் சோற்றையும் ஒன்றாகக் கொட்டினார். அகப்பை திரும்பவில்லை. அடியில் இருந்தது கருகியது, மேலே இருந்தது பச்சையாகக் கிடந்தது. பானையைத் தூக்கிக் குலுக்கினார். கரி முகத்தில் அப்பியது. சோறு வெள்ளையும் கறுப்புமாகக் கலந்தது.

"ரத்தி, நிறம் வரேல்லை. நீ அதுக்கு என்ன விடுறனி?"

"சோயா சோஸ்… அலுமாரியின்ர மேல்தட்டில கிடக்கும்."

கிடந்தது. தூசி படிந்திருந்தது. மூடியின் சீல் கூட உடைக்கவில்லை.

"இஞ்சையப்பா, இந்தப் போத்தல் திறக்கவே இல்லையே?"

முன்அறையில் கதிரை கிறீச்சிட்டது.

"அது… புதுசு."

"புதுசோ? முடிவுத் திகதி போய் ரெண்டு வருசம்!"

"புதுசாத்தான் வாங்கினது. இருந்து பழசாப் போச்சு."

குளிசை, குளிசை என்று கோணாமலை தலையில் அடித்துக்கொண்டார். திகதி போனதைச் சம்பந்திக்குக் கொடுக்க ஏலாது. நிறம்தானே வேண்டும்? தேத்தண்ணிக்கு வைத்திருந்த சாயத்தை எடுத்துப் பானைக்குள் ஊற்றினார். நிறம் வந்தது. உண்மையாகவே வடிவான நிறம். ருசி பார்த்தார். கசந்தது. கசப்புக்குச் சீனி போட்டார். இனித்தது. இனிப்புக்கு மிளகாய்த்தூள் போட்டார். இரண்டு பக்கெட் நூடில்ஸ் மிச்சம் இருந்தது. அதை அவித்து வடிக்கப் பார்த்தால், வடிதட்டு கை தவறி எல்லாமே பானைக்குள் விழுந்துவிட்டது. இப்போது சோறு வேறு நூடில்ஸ் வேறு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு கரண்டியில் எடுத்துக்கொண்டு முன்அறைக்கு வந்தார். முகம் முழுக்கக் கரி. பெனியனில் தேயிலைச் சாயம்.

"ஒருக்கா வாயில வைச்சுப் பார் ரத்தி. பொய் சொல்லாமல் சொல்லு."

இரத்தினேஸ்வரி வாயைத் திறந்தாள். மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கினாள்.

"நல்லாத்தான் இருக்குதப்பா," என்றாள்.

கோணாமலைக்கு அழுகை வந்துவிட்டது. தன்னுடைய மனம் நோகக்கூடாது என்று இந்த நஞ்சையும் விழுங்குகிறாளே! இப்படிப்பட்டவளுடைய கைப்பக்குவத்தைத்தான், ஊரெல்லாம் தான் தம்பட்டம் அடித்த அந்தப் பேரைத்தான், இன்றைக்குக் கனகம்மாவுக்கு முன்னால் தானே கொண்டுபோய்க் கெடுக்கப்போகிறார். கலியாணம் குழம்பினாலும் பிறகு வேறு இடம் பார்க்கலாம். இவளைப் பற்றி ஒருத்தர் ஒரு சொல் குறைத்துச் சொன்னால் அவரால் தாங்க ஏலாது.

அந்த நேரம் பார்த்து மறுபடி போன் அடித்தது.

"அண்ணை, சீனக்குடா தாண்டீட்டம்."

இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. அபூதாஹிரின் மருமகள். இவ்வளவு காலமும் தான் ஏளனம் செய்த அந்தக் கடைச்சோறு. அதைக் கொண்டுவந்து வீட்டுக் கோப்பையில் போட்டு, இரத்தினேஸ்வரி சொல்லச் சொல்லத் தான் செய்ததாக மேசையில் வைக்க வேண்டும். இதை அவள் மட்டும் அறியக்கூடாது. அறிந்தால் உடைந்து போவாள். வாங்கின சோற்றைத் தன் சமையல் என்று சொல்லுவதற்கு அவள் சாகும்வரைக்கும் சம்மதிக்கமாட்டாள். கோணாமலைக்கு அவளைத் தெரியாதா?

"ரத்தி," என்றார், முகத்தைப் பார்க்காமல். "நான் ஒருக்காக் கோணேசர் கோயிலடிக்குப் போட்டு வாறன். கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டால்தான் இண்டைக்கு ஒரு வழி பிறக்கும்."

காலையிலிருந்து வாடிக் கிடந்த இரத்தினேஸ்வரியின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"போங்கோ! போட்டு வாங்கோ! வடிவாக் கும்பிடுங்கோ, அவசரப்பட்டு வராதேங்கோ. அவை வந்தால் நான் கதைச்சுக்கொண்டு இருப்பன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் போனை மட்டும் எடுத்துத் தந்திட்டுப் போங்கோ," என்றாள்.

எவ்வளவு பக்தி! கோணாமலை போனை எடுத்துக் கொடுத்தார். குற்றவுணர்வு நெஞ்சைக் குத்தியது. கடவுள் பேரைச் சொல்லி இப்படி ஒரு மனுசியை ஏமாற்றுகிறோமே என்று நினைத்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

வழியிலேயே அபூதாஹிருக்குப் போன் எடுத்தார். அபூதாஹிர் ஒன்றும் கேட்கவில்லை. வாய்விட்டு ஒரு சிரிப்பு. அதன்பிறகு, "சந்தைக்குப் பின்னால ரெண்டாவது ஒழுங்கை, பச்சைக் கேற்," என்றார்.

பச்சைக் கேற்றைத் தட்டியபோதுதான் தான் இன்னும் பெனியனோடு நிற்பது கோணாமலைக்குத் தெரிந்தது. கதவைத் திறந்த ஷிஃபானா, கரி பூசிய அந்த முகத்தைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினாள். உள்ளேயிருந்து வந்த மணம் அவருக்கு எங்கேயோ பழகிய மணமாக இருந்தது. பசியில் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"என்ன வேணும் ஐயா?"

"பிள்ளை, அபூதாஹிர்தான் அனுப்பினவர். மரக்கறி ஃபிரைட் ரைசும் நூடில்சும் வேணும். உடனே வேணும். சம்பந்தியாக்கள் சீனக்குடா தாண்டீட்டினம்."

"சோறு ஆறித்தான் இருக்குது. வதக்கிற வேலைதான். இருங்க ஐயா."

"இன்னுமொண்டு பிள்ளை." கோணாமலை சுற்றுமுற்றும் பார்த்தார். "இஞ்ச வாங்கினது என்ர மனுசிக்குத் தெரியக்கூடாது. அவ சமையலில ராணி. அறிஞ்சால் நொந்துபோவா."

ஷிஃபானா சிரித்தாள். "யாருக்கும் சொல்லமாட்டன் ஐயா. இங்க வர்ற ஆக்கள் கனபேர் அப்படித்தான். வீட்டில தெரியாமல் வாங்கிட்டுப் போவாங்க."

அப்படியும் ஆட்கள் இருக்கிறார்களா என்று கோணாமலை அந்தக் குடும்பங்களுக்காக ஒரு கணம் வருந்தினார். பிறகு முக்கியமான விசயம் ஞாபகம் வந்தது.

"பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு வெள்ளிக்கிழமை. மச்சம் பட்ட சட்டியில செய்தால் எங்கட ஆக்கள் தொடமாட்டினம். உங்களிட்ட அதுக்கெண்டு புறம்பாத் தாச்சி ஏதும்…"

அவர் சொல்லி முடிக்கவில்லை, உள்ளே போன் அடித்தது. ஷிஃபானா கையைக் காட்டிவிட்டு ஓடினாள். "ஓம்… ஓம்… ரெண்டும்தானே… இப்பவே…" என்று துண்டு துண்டாகக் கேட்டது. ஏதோ கொளுவியிலிருந்து எடுக்கிற சத்தமும் கேட்டது.

திரும்பி வந்தவளின் கையில் ஒரு தாச்சி இருந்தது. பழைய தாச்சி. கண்ணாடி போல மினுக்கியிருந்தாள். அதன் ஒரு காதில் செப்புக் கம்பி சுற்றி, கப்பல் கட்டுகிற முடிச்சொன்று போட்டு இறுக்கியிருந்தது.

கோணாமலை அந்த முடிச்சைப் பார்த்தபடியே நின்றார்.

"புறம்பான தாச்சிதான் ஐயா, இதில ஒரு முட்டை கூட உடைச்சதில்ல," என்றாள் ஷிஃபானா, "ஆனா நீங்க கொஞ்சம் பொறுக்கவேணும், இந்தத் தாச்சியைத் தந்து வைச்சு வெள்ளிக்கிழமைச் சோறு எடுக்கிற ரத்தி ஆன்டிக்குத்தான் முதல்ல குடுக்கவேணும், பாவம், அவங்கட புருசன் இப்பத்தான் ஒருமாதிரி வீட்டை விட்டு வெளிக்கிட்டாராம்!"